தட்டு வைத்துக் கேட்ட வழி

முள்வேலி போட்ட முதல் நாள் காலையிலேயே அதைத் தாண்டிப் பார்த்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் இட்லிக் கடை இருந்தது, இந்தப் பக்கம் என் வயிறு இருந்தது. முதலில் செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. நான் சேரவில்லை. கருவேல முள் என் வேட்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு கால் தெருவிலும் ஒரு கால் மில்லுக்காரர் தோப்பிலுமாக நின்றேன். முன்னே போனால் மானம் போகும், பின்னே வந்தால் செருப்பு போகும்.

எதிர்வீட்டுப் பெரியவர் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாபா இது, வாதியும் நீயே பிரதிவாதியும் நீயேன்னு நின்னுக்கினு இருக்கிற?"

அந்த வேலியைப் பற்றிப் பிறகு நடந்த வழக்கில் எங்கள் தரப்பு கடைசிவரை அந்தக் கோலத்தில்தான் நின்றது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜெயிப்பார்களா என்று யாரும் ஆவலோடு படிக்க வேண்டாம். தோற்றோம்.

எழுபதுகள் பிறந்த புதிது. எங்கள் தெரு, காஞ்சிபுரத்தில் புடவை எடுக்க வெளியூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குத் தெரிந்த தெரு அல்ல. அவர்கள் உடுத்தும் புடவைக்குத்தான் அதைத் தெரியும். குடித்தவன் நடந்த தடம் போல வளைந்து வளைந்து போய், கடைசியில் ஒரு புளியந்தோப்பில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். தோப்பு அரிசி மில்லுக்காரருடையது. ஆனால் தெருவுக்கு இல்லாத நேர்மை தோப்பின் நடுவே போன பாதைக்கு இருந்தது. எண்ணெய் வைத்து எடுத்த வகிடு மாதிரி நேராகப் போய் அந்தப் பக்கத்து ரோட்டைத் தொடும். வாலாஜாபாத் பஸ்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற ரோடு அது. பாதையும் ரோடும் சேருமிடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அக்காவின் கடை அதுதான்.

அந்தப் பாதையை யாரும் போடவில்லை. நடந்து நடந்து விழுந்தது. ரோட்டுக்குப் போகிறவர்கள், கோவிலுக்குப் போகிறவர்கள், சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிறவர்கள், சமாதானமாகித் திரும்பி வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வழி. அது இல்லையென்றால் தேரடி வரைக்கும் போய் ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

நெசவுக்கும் அந்தப் பாதை வேண்டியிருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால், புடவையின் நெடுக்கு இழையான பாவு நூலை முழு நீளத்துக்கும் வெளியில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாக நீவி, நிழலில் ஆற விட வேண்டும். எங்கள் வளைந்த தெருவில் பாவைக் கட்டினால் நாலாவது வீட்டுச் சுவரில் போய் உரசும். புளிய மரத்து நிழலில், நேரான பாதையில் கட்டினால் பட்டு தண்ணீர் மாதிரி கிடக்கும். அதனால் விடியற்காலையில் ஆண்கள் எல்லோரும் தோப்பில்தான் இருப்பார்கள். வேலை முடிந்ததும் அப்படியே பாதையோடு நடந்து அக்காவின் கடையில் உட்காருவார்கள்.

"அவ்வளவு பேரும் உங்கள் தெருக்காரர்கள்தானே, கடையைத் தெருவிலேயே போடுவதுதானே" என்று பின்னால் கோர்ட்டில் முன்சீப் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் முன்சீப்புக்கு எங்கள் ஆண்களைத் தெரியாது. அக்காவின் இட்லி சுமார்தான். தம்பி நானே சொல்கிறேன். அவர்கள் அங்கே போனது இட்லிக்காக இல்லை. அப்பா கண்ணில் படாமல் பீடி பிடிக்க, பெண்டாட்டி காதில் விழாமல் அரசியல் பேச, ஊருக்குள் அந்த ஒரு கொட்டகைதான் இருந்தது. வீட்டு வாசலில் கடை போட்டால் எவன் வருவான்? வீட்டிலேயே அதைவிட நல்ல இட்லி இருந்தது.

பஸ்ஸும் அந்த இடத்தில் நிற்காது. கண்டக்டர் தெரிந்தவராக இருந்தால்கூட வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, "குதிச்சிக்கோ" என்பார். ஆகவே கடைக்கு ஆள் வருகிற வழி அந்தப் பாதை மட்டுமே. பாதை போனால் கடை போகும். கடை போனால் அக்கா வீட்டில் அடுப்பு அணையும். மாமாவுக்கு இழுப்பு. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாலே மூச்சு வாங்கும். நாள் முழுக்க உட்கார்ந்து தேங்காய் துருவுவார், சட்னிக்குத் தாளிக்கும்போது மட்டும் எழுந்து ரோட்டோரம் போய் நிற்பார். அந்தக் குடும்பத்துக்கு வேறு வருமானம் கிடையாது. தம்பி ஒருவன் இருந்தானே என்றால், அவன் நெய்த புடவைக் கரையைப் பார்த்துவிட்டு அவனுடைய முதலாளி, "இது இன்னாபா, பாலாறா? கண்ட இடத்துல அகலமா போவுது, கண்ட இடத்துல காணாம போவுது" என்று கேட்டிருந்தார். அந்தத் தம்பி அடியேன்தான். என்னால் அந்தக் கடைக்கு ஆனது தின்ன ஒரு வயிறு மட்டும்.

இங்கே எங்கள் தெருவின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தை பிறந்து முதல் பாவு போடுகிற அன்று, பாவை யாருடைய நிலத்தில் நீட்டுகிறோமோ அந்த வீட்டுக்குத் தாம்பூலத் தட்டு போகும். வெற்றிலை பாக்கு, மஞ்சள், சீப்பு வாழைப்பழம், தேங்காய். மேலே, அந்த முதல் பாவிலிருந்து நறுக்கின ஒரு கற்றைப் பட்டு நூல். தட்டை ஒரு சுமங்கலிதான் ஏந்திப் போக வேண்டும். அக்காவுக்குக் கைராசி என்று தெருவில் பேர். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள்தான் தட்டை எடுத்துப் போனாள். மில்லுக்காரரின் தகப்பனார் வாசல் வரைக்கும் எழுந்து வந்து வாங்குவார். வீட்டம்மாள் அக்காவுக்குக் குங்குமம் கொடுத்து அனுப்புவாள். தெருவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

தகப்பனார் காலமானார். மகன் பொறுப்புக்கு வந்தார். அவருக்கு மில்லின் நெல் மூட்டை ஏற்ற லாரிகள் இருந்தன. லாரி நிறுத்தத் தோப்பில் ஷெட் போட வேண்டும் என்று தோன்றியது. வேலி வந்தது.

அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆதாரம் இல்லை. நானும் அக்காவும் மில்லுக்குப் போய்ப் பார்த்தோம். உமி பறக்கிற இடத்தில் எங்களுக்காக நாற்காலியைத் துடைத்துப் போடச் சொன்னார்.

"உங்களுக்கு இல்லாததாக்கா? சின்ன வயசுல நீ கொண்டாற தட்டுல வாழைப்பழம் நான்தான் மொதல்ல எடுப்பேன். ஆனா லாரி வரும் போவும். நாளைக்கு எவன் கால்லயாச்சும் ஏறிச்சின்னா, போலீஸ் ஸ்டேஷனுக்கு நீ வருவியா, நான் போவணுமா?"

"ஒரு ஓரமா வழி வுட்டா போதும் தம்பி" என்றாள் அக்கா. "பாவு போட வேணாம். நடக்க மட்டும்."

"இன்னிக்கு நடக்கன்னுவீங்க. நாளைக்கு எங்க வழின்னுவீங்க."

"எங்க வழிதானே?" என்றாள் அக்கா, நிஜமாகவே புரியாமல்.

அவர் சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

தெரு முழுக்கக் கொதித்தது. ஒரு நாள் வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள், மறுநாள் அது இன்னும் தடிமனாக முளைத்தது. போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து இரண்டு பக்கத்தையும் திட்டிவிட்டு, கோர்ட்டுக்குப் போங்கள் என்றார். கோர்ட் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு சைக்கிள் மோதிய கேஸில் நான் முன்பு சாட்சிக்குப் போயிருந்தேன். அன்றிலிருந்து 'மனுதாரர்', 'மேற்படி', 'ஆஜர்' என்று பேசிக்கொண்டு திரிந்ததில் தெருவில் எனக்கு அரை வக்கீல் என்று பேர். கரை சரியாக நெய்யத் தெரியாதவனுக்கு இப்படி ஒரு பதவி கிடைத்தால் விடுவானா? தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் நகராட்சி அலுவலகம். குமாஸ்தா ஒரு பழைய வரைபடத்தை விரித்துத் தோப்பின் மேல் விரலை வைத்தார்.

"இதுல வழியே இல்லியேபா."

"இருக்குது சார். எங்க கால்ல இருக்குது."

"அப்போ காலைக் கொண்டுபோய் கோர்ட்ல வை" என்று வரைபடத்தைச் சுருட்டினார்.

எங்கள் வக்கீல் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடியில் இருந்தார். வெளுத்து வெளுத்துக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்ட கறுப்புக் கோட்டு. நல்ல மனிதர். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"எவ்வளவு காலமா நடக்கறீங்க? விடாம நடந்தீங்களா? யாராவது தடுத்தாங்களா? இது மூணும் போதும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். ஒரு வார்த்தை கூடுதலாப் பேசக் கூடாது."

முக்கியமான சாட்சி அக்கா. அவளோ, 'மணி என்ன' என்று கேட்டால் கடிகாரம் வாங்கின கதையைச் சொல்கிறவள். தினமும் கடையில் வைத்து அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். நான் எதிர்த்தரப்பு வக்கீலாக மாறி, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மிரட்டுவேன்.

"இந்த வழி உங்களுடையதா?"

"ஆமாங்க."

"எப்படிச் சொல்கிறீர்?"

"எங்க மாமனார் காலத்திலேருந்து நடக்கறோம். அவரு ஒரு தபா நடக்கறப்போ பாம்பு…"

"பாம்பு வேணாம்க்கா!"

"பாம்பு நெசம்டா."

"நெசம்னாலும் வேணாம்."

மாமா தேங்காய் துருவியபடியே, "பாம்பக் கூப்ட்டுச் சாட்சி வச்சிடு, கம்முனு இருக்கும்" என்றார். அவருக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் மூச்சு போதாது. வந்த வாக்கியங்கள் எல்லாம் இப்படித்தான் வரும்.

தீர்ப்பு வரும் வரைக்கும் வேலியில் ஓர் ஆள் நுழைகிற சந்து விட வேண்டும் என்று கோர்ட் சொல்லியிருந்தது. எல்லோரும் ஒருக்களித்து நடக்கப் பழகினோம். பாவு மட்டும் ஒருக்களிக்காதே. அது வளைந்த தெருவிலேயே சுவரில் உரசிக்கொண்டு கிடந்தது. ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். கடை நடந்தது. எங்களுக்கு நம்பிக்கை வந்ததும் அந்தச் சந்தின் வழியாகத்தான். நல்ல நம்பிக்கையாக இருந்தால் அகலமான வழியில் வந்திருக்கும்.

சாட்சி விசாரணை அன்று தெருவே கோர்ட்டில் இருந்தது. தறிகள் எல்லாம் ஓய்ந்து கிடந்தன. அக்கா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கோர்ட் வராண்டாவில் யாரோ, "கேஸ் தோத்தாக்கூடப் பொடவை ஜெயிச்சிடும்" என்று சொன்னது காதில் விழுந்தது.

எங்கள் வக்கீல் கேட்ட மூன்று கேள்விக்கும் அக்கா தெளிவாகப் பதில் சொன்னாள். பாம்பு வரவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு மில்லுக்காரரின் வக்கீல் எழுந்தார். நான் கரண்டியோடு மிரட்டினேன் என்றேனே, இவர் மிரட்டவே இல்லை. உறவுக்காரர் மாதிரி சிரித்தார்.

"அம்மா, காஞ்சிபுரத்திலேயே மரியாதை தெரிஞ்ச தெரு உங்க தெருன்னு சொல்றாங்க. நெசம்தானா?"

அக்காவின் முகம் மலர்ந்தது. "அது எல்லாருக்கும் தெரியுங்களே."

"இருந்தாலும் அடுத்தவங்க தோப்பு. பாவு போடறது, நடக்கறது எல்லாம் கேக்காம கொள்ளாம செஞ்சுட்டீங்கன்னு என் கட்சிக்காரர் வருத்தப்படறார்."

"கேக்காமலா?" அக்கா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "யாருங்க சொன்னது? தை மாசம் மொதப் பாவுக்குத் தட்டு வச்சிக் கேட்டுட்டுத்தான் அந்த மண்ணுல நாங்க காலே வைப்போம்!"

நான் பெஞ்சில் இருந்தபடி கையை ஆட்டினேன். டவாலி போட்ட சேவகன் என் தோளை அழுத்தி உட்கார வைத்தான். எங்கள் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். முன்சீப், "சாட்சி பேசட்டும்" என்றார். அக்கா அதைத் தனக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

"தட்டு கொண்டுபோறது யாரும்மா?"

"நான்தாங்க. கண்ணாலமாயி வந்த வருசத்திலேருந்து."

"ஒரு வருஷமாவது விட்டுப்போயிருக்குமே?"

"ஒரு வருசம்கூட இல்லிங்க! என் மூத்த பொண்ணு வயித்துல இருக்கறப்போக்கூட, வாந்தி எடுத்துக்கினே எடுத்துக்கினு போனேன்."

"நீங்க கேட்கும்போது பெரியவர் என்ன சொல்வார்?"

"நல்ல மனுசருங்க. 'போட்டுக்கோங்கம்மா, நடந்துக்கோங்கம்மா, நான் இருக்கற வரைக்கும் யாரு தடுக்கறது'ன்னு வாய் நெறையச் சொல்வாரு."

எதிர் வக்கீல் மேஜையிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு கொத்தை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். பட்டு நூல் கற்றைகள். வருஷத்துக்கு ஒன்றாக நாங்கள் தட்டில் வைத்தவை. மில்லுக்காரரின் தாயார் ஒவ்வொன்றையும் பூஜையறை ஆணியில் கட்டித் தொங்கவிட்டுச் சேர்த்து வைத்திருந்தாள். ஜன்னல் வெயில் பட்டு அந்த அழுக்குக் கோர்ட்டில் அது ஒரு பறவையின் வால் மாதிரி மினுங்கியது.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, எல்லாத்தையும் வச்சிருக்காங்களே! அந்த மயில்கழுத்து எங்க வூட்டுப் பாவுங்க. அந்த அரக்கு எதிர்வூட்டுப் பெரியவர் போட்டது. அந்த மாம்பழம் கலரு, அந்த வருசம் வந்த சாயம் வேற எந்த வருசமும் வரலிங்க…"

கையை நீட்டி அதைத் தடவிப் பார்த்தாள். முன்சீப்கூடக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். எதிர் வக்கீல், "அவ்வளவுதாம்மா, ரொம்ப சந்தோஷம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கூண்டிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். "நல்லா சொன்னேனாடா? பாம்பைச் சொல்லவே இல்லை பாரு."

நல்லா சொன்னேக்கா என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்கே அப்போது பாதிதான் புரிந்திருந்தது. அரை வக்கீல் அல்லவா.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த சாட்சி எதிர்வீட்டுப் பெரியவர். கூண்டில் ஏறி நின்றதும், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "எசமான், அந்தப் பொண்ணு ஒண்ண வுட்டுடுச்சுங்க. தட்டுல தேங்காயும் வைப்போம். குடுமியோட" என்றார். எங்கள் வக்கீல் கேஸ் கட்டைக் கட்டி மூடினார்.

மாலையில் மாடியில் வைத்து அவர் எங்களுக்கு விளக்கினார். அந்த விளக்கத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை, மறந்தால் நல்லது.

"கேக்காம நடந்திருந்தீங்கன்னா வழி உங்களோடது. எங்க உரிமைன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்திருந்தீங்கன்னா இன்னும் பலமா உங்களோடது. நீங்க வருஷா வருஷம் தட்டு வச்சு அனுமதி கேட்டிருக்கீங்க. அவங்க அனுமதி கொடுத்திருக்காங்க. கொடுத்தவங்க எடுத்துக்கலாம். சட்டம் அதுதான்."

அக்கா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வந்தாள்.

"அப்போ திருட்டுத்தனமா நடந்திருக்கணுமாங்க?"

"திருட்டுத்தனமாவும் கூடாது. எல்லாருக்கும் தெரியற மாதிரி, யாரையும் மதிக்காம நடந்திருக்கணும்."

"அது எப்படிங்க முடியும்?" என்றாள் அக்கா.

வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றவில்லை.

தீர்ப்பும் அப்படியே வந்தது. அப்பீல் போகலாமா என்று கேட்டோம். "போகலாம். போனா நான் சாப்பிடுவேன், நீங்க நடக்கமாட்டீங்க" என்றார். சொன்னேனே, நல்ல மனிதர். தீர்ப்பு வந்த வாரமே தெருக்கோடியில் செங்கல் வண்டிகள் வந்து நின்றன. வேலி போய், தோப்பைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் சுவர் வந்தது. உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். என் வேட்டியின் அனுபவம் அவர்கள் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும்.

முதல் சில நாட்கள் எங்கள் ஆண்கள் ரோஷத்தோடு தேரடி சுற்றிக் கடைக்கு வந்தார்கள். பிறகு சைக்கிள் இருக்கிறவன் வந்தான். பிறகு மழை பெய்தது. தேரடிக்கும் கடைக்கும் நடுவில் மூன்று ஓட்டல்கள், ஒன்றில் ரேடியோ பாடும். பீடி பிடிக்க மறைவிடம் அங்கேயே கிடைத்துவிட்டது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அக்காவும் சொல்லவில்லை. ஆனால் இட்லிக்கு அரிசியைக் குறைத்து ஊறப்போட அவளுக்குக் கை வரவில்லை. இன்று வருவார்கள் என்று பழைய அளவிலேயே போடுவாள். மிச்சத்தை எல்லாம் நான் தின்று தீர்த்தேன். அந்த மாதங்களில் எனக்கு வைத்த தொப்பை இன்னும் இறங்கவில்லை. கேஸில் நாங்கள் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

"உன்னை வச்சிக் கட நடத்தணும்னா ஊர்ல பஞ்சம் வந்துடும்டா" என்பாள். சிரிப்பாள். சிரித்துக்கொண்டே ரோட்டைப் பார்ப்பாள். பஸ் வேகம் குறைக்காமல் போகும்.

தை வந்தது. முதல் பாவைத் தெருவிலேயே வளைத்து வளைத்துக் கட்டினார்கள். இந்த வருஷம் தட்டு யாருக்கு என்று ஒரு பேச்சு வந்தது. "தெரு முனிசிபாலிட்டிது. குமாஸ்தாவுக்குக் கொண்டுபோய்க் குடு" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. குளித்துவிட்டு வந்து தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கேக்கா?"

"வேற எங்க? மில்லுக்காரர் வூட்டுக்குத்தான். ஓரமா ஒரு கதவு வச்சிக் குடுங்கன்னு கேக்கப்போறேன். கேட்டுத்தானே தோத்தோம், கேட்டே பாத்துடலாம்."

எதிர்வீட்டுப் பெரியவர் தடுக்கவில்லை. முதல் பாவிலிருந்து ஒரு கற்றையை நறுக்கித் தட்டில் வைத்தார். அந்த வருஷம் இலைப்பச்சை.

முன்பெல்லாம் தோப்பு வழியே போனால் வெற்றிலை வாடுவதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விடலாம். இப்போது சுவரைச் சுற்றி, தேரடி சுற்றி, வெயிலில் போனோம். அவள் தட்டோடு முன்னால், நான் தொப்பையோடு பின்னால். போகிற வழியில் தெரிந்தவர்கள் எல்லாம், "இன்னாமா, எங்க சீர் வரிசை?" என்று கேட்டார்கள். அக்கா எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மில்லுக்காரர் வாசலில் இருந்தார். தட்டைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து இரண்டு கையையும் நீட்டிவிட்டார். நீட்டிய கை பாதியில் நின்றது. பின்னால் இழுத்துக்கொண்டார். அப்புறம் அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதே. வாங்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு."

"ஏன் தம்பி?"

"வாங்கினா நீ இன்னமோ கேட்டதா ஆயிடுமாம். நான் இன்னமோ குடுத்ததா ஆயிடுமாம். மறுபடியும் கேஸுக்கு எடம் ஆயிடுமாம்."

"நான் கேக்கத்தான் தம்பி வந்தேன். ஒரு கதவு…"

"கேக்காதேக்கா" என்றார் அவசரமாக. கிட்டத்தட்டக் கும்பிட்டார். "கேட்டுடாதே. நீ கேட்டா நான் இல்லைன்னு சொல்லணும்."

உள்ளே அவருடைய தாயார் கதவோரம் நின்றிருந்தாள். பக்கத்தில் நின்ற மருமகள் கையில் குங்குமச் சிமிழ் இருந்தது. தாயார் மகனைப் பார்த்தாள். வெளியே வரவில்லை.

திரும்பும்போது ரோட்டு மதகின் மேல் உட்கார்ந்தோம். எதிரே சுவர், அந்தப் பக்கம் தோப்பு. ஷெட் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. லாரிகளை மில்லிலேயே நிறுத்திக்கொண்டார்கள். பாதை இருந்த இடத்தில் புல் மூடி, எது வகிடு எது தலை என்று தெரியாமல் போனது பிற்பாடுதான். அன்றைக்கு மரங்களின் தலை மட்டும் சுவருக்கு மேலே தெரிந்தது. தட்டு அக்காவின் மடியில் இருந்தது.

"இதுக்கு என்ன செக்‌ஷன்டா அரை வக்கீலு?" என்றாள்.

"மேற்படி வாழைப்பழத்தை மனுதாரரே சாப்பிடலாம்னு ஒரு செக்‌ஷன் இருக்குது" என்றேன்.

ஆளுக்கு ஒன்று உரித்துத் தின்றோம். பட்டுக் கற்றையை அவள் விரலில் சுற்றி எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள். வெற்றிலையை எனக்குக் கொடுத்தாள். தேங்காயைக் கையில் எடுத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"தண்ணி நெறைய இருக்குது. சட்னிக்கு ஆவும்."

"நாளைக்குக் கடை உண்டாக்கா?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். வாலாஜாபாத் பஸ் ஒன்று வந்தது. கண்டக்டர் தெரிந்தவர். கை காட்டினார். பஸ் நிற்காமல் போயிற்று.

"உனக்குத்தான்டா சட்னி" என்றாள்.